மலை வீட்டு வாசலில் பைக் எஞ்சினின் பழைய எண்ணெயை வடிப்பது எப்படி? முழுமையான வழிகாட்டி

பைக்குடன் தரும் கையேட்டில் எஞ்சின் எண்ணெய்க்கு நேராக இரண்டு அளவுகள் அச்சிட்டிருக்கும். வடித்துவிட்டு ஊற்றினால் இவ்வளவு, எஞ்சினைப் பிரித்துப் பூட்டினால் இவ்வளவு. ஃபில்டர் மாற்றுகிற வண்டியென்றால் நடுவே மூன்றாவதாக ஓர் அளவும் இருக்கலாம். 100 முதல் 150 சிசி வரையுள்ள வண்டிகளில் முதல் அளவுக்கும் கடைசி அளவுக்கும் உள்ள வித்தியாசம் பெரும்பாலும் 100 முதல் 200 மில்லி லிட்டர். எஞ்சினின் அடியில் உள்ள வடிகால் போல்ட்டைக் கழற்றிவிட்டு நாள் முழுக்கக் காத்திருந்தாலும் வெளியே வராத எண்ணெய் அதுதான். கிளட்ச் தட்டுகளின் இடுக்கிலும், பம்ப்பிலும், எண்ணெய் ஓடும் துளைகளிலும் தங்கிவிடும்.

அதைப் பற்றிக் கவலைப்பட வேண்டியதில்லை. வண்டியைச் செய்தவர்களே கணக்கில் எடுத்துக்கொண்ட மிச்சம் அது. கவலைப்பட வேண்டியது, வெளியே வரக்கூடியதையும் வரவிடாமல் உள்ளேயே விட்டுவிடுவதைப் பற்றி. வரக்கூடியது முழுவதும் வர எண்ணெய் சூடாக இருக்க வேண்டும், வண்டி சமதளத்தில் நிற்க வேண்டும். நீலகிரியில் இரண்டுக்குமே தட்டுப்பாடு.

எந்த வண்டிகளுக்கு இது பொருந்தும்?

இன்று ஓடும் நான்கு ஸ்ட்ரோக் கியர் பைக்குகள் ஏறத்தாழ எல்லாவற்றிலும் எஞ்சின், கியர், கிளட்ச் மூன்றும் ஒரே எண்ணெயில்தான் நனைகின்றன. இந்த வழிகாட்டி அவற்றுக்கானது. பழைய வார்ப்பிரும்பு எஞ்சின் புல்லட் வைத்திருப்பவர்கள் சற்று ஒதுங்கி நிற்கவும். அதில் எஞ்சினுக்குத் தனி, கியர் பாக்ஸுக்குத் தனி, கிளட்ச் பக்கத்துச் செயின் அறைக்குத் தனி. எஞ்சினுக்கே ஒன்றுக்கு மேற்பட்ட வடிகால் போல்ட்டுகள் உண்டு. ஒன்றை மட்டும் திறந்துவிட்டு வேலை முடிந்தது என்று நினைத்தால் பாதி எண்ணெய் உள்ளேயே இருக்கும்.

மலையில் எண்ணெய் ஏன் சீக்கிரம் கெடுகிறது?

குன்னூரில் வீட்டிலிருந்து கடைவீதிக்கு இரண்டு கிலோ மீட்டர், திரும்பி வர இரண்டு கிலோ மீட்டர். இப்படி மட்டுமே ஓடும் வண்டியின் எஞ்சின் முழுச் சூட்டை எட்டுவதே இல்லை. எரிபொருள் எரியும்போது உண்டாகும் நீராவியில் ஒரு பகுதி பிஸ்டன் வளையங்களைத் தாண்டிக் கீழே வருகிறது. எஞ்சின் நன்றாகச் சூடேறினால் அது ஆவியாகி வெளியேறிவிடும். இல்லாவிட்டால் எண்ணெயோடு கலந்துவிடும். ஊற்றும் மூடியைத் திறந்தால் உட்புறம் மோர் நிறத்தில் கொழகொழவென்று ஒரு படலம் ஒட்டியிருப்பதைப் பார்த்திருப்பீர்கள். அது இந்த ஈரம்தான். மூடியில் மட்டும் மெல்லியதாக இருந்தால், வண்டியை அடிக்கடி நீண்ட தூரம் ஓட்டினாலே போதும். வடியும் எண்ணெயே பால் கலந்த நிறத்தில் வந்தால் ஈரம் அளவுக்கு மீறிவிட்டது என்று பொருள்.

கார்புரேட்டர் வண்டிகளுக்கு இன்னொரு தொல்லையும் உண்டு. சமவெளிக் காற்றுக்கு அளந்து வைத்த ஜெட் (பெட்ரோல் வரும் நுண்துளை), 2,240 மீட்டர் உயரத்தில் உள்ள ஊட்டியின் மெல்லிய காற்றுக்கு அதிகப் பெட்ரோலைக் கொடுக்கிறது. காலையில் சோக்கை இழுத்துவிட்டு மறந்துபோகிறவர்கள் வேறு. எரியாத பெட்ரோல் சிலிண்டர் சுவர் வழியே இறங்கி எண்ணெயை நீர்க்கச் செய்கிறது. எண்ணெய் அளவு பார்க்கும் கம்பியான டிப்ஸ்டிக்கை மூக்கருகே கொண்டுவந்தால் பெட்ரோல் வாடை வரும். அது வந்தால் கிலோ மீட்டர் கணக்குப் பார்க்காமல் மாற்றிவிடுவது நல்லது. குறைவாக ஓடும் வண்டியானாலும் வருடத்திற்கு ஒரு முறையாவது மாற்றிவிடுங்கள்.

நிறம் கறுத்திருப்பது மட்டும் ஒரு காரணம் ஆகாது. அழுக்கைத் தன்னுள் ஏந்திக்கொள்வதும் எண்ணெயின் வேலைதான். சில நூறு கிலோ மீட்டரிலேயே கறுக்கத் தொடங்கிவிடும்.

தேவையானவை

கையேட்டில் சொன்ன தரத்தில் புது எண்ணெய், புது வடிகால் வாஷர், சரியான அளவு ரிங் ஸ்பேனர் அல்லது பாக்ஸ் ஸ்பேனர், அகலமான தட்டு, அளவு கோடு போட்ட குவளை, புனல், பனியன் வேஸ்ட், கையுறை. திறந்த வாய் ஸ்பேனரை இந்த ஒரு வேலைக்குத் தயவுசெய்து எடுக்காதீர்கள். போல்ட் தலையின் முனைகளை மழுங்கடிப்பது அதுதான்.

மற்ற ஊர்களில் தண்ணீர் பாட்டிலை வெட்டிப் புனல் செய்துகொள்வார்கள். ஒரு லிட்டர் பிளாஸ்டிக் தண்ணீர் பாட்டிலுக்கு இந்த மாவட்டத்தில் தடை இருப்பதால் அந்தக் குறுக்குவழி இங்கே இல்லை. நல்லதே. இருபது முப்பது ரூபாய்ப் புனல் ஒன்றை வாங்கி இதற்கென்றே வைத்துக்கொள்ளுங்கள்.

எண்ணெய் வாங்கும்போது டப்பாவின் பின்புறத்தில் ஜாசோ எம்ஏ அல்லது எம்ஏ2 என்ற குறி இருக்கிறதா என்று பாருங்கள். எண்ணெயில் நனையும் கிளட்ச்சுக்கு ஏற்றது என்பதற்கான குறி அது. கார் எண்ணெய்கள் பலவற்றில் உராய்வைக் குறைக்கும் சேர்மானம் இருக்கும். அது கிளட்ச்சை வழுக்கவிடும். சமவெளியில் அது தெரியாமலே போகலாம். மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூருக்குப் பதினான்கு கொண்டை ஊசி வளைவுகளில், பின்னால் ஒருவரை ஏற்றிக்கொண்டு வரும்போது தெரிந்துவிடும்: எஞ்சின் அலறும், வண்டி நகராது. எம்பி என்று போட்டிருப்பது ஸ்கூட்டருக்கானது.

10டபிள்யூ-30, 20டபிள்யூ-40 போன்ற குறிகளில் டபிள்யூவுக்கு முன்னால் உள்ள எண், குளிரில் எண்ணெய் எவ்வளவு எளிதாக ஓடும் என்பதைக் காட்டுகிறது. எண் சிறியதானால் குளிரில் எளிதாக ஓடும். கையேடு இரண்டு தரங்களை அனுமதித்தால் ஊட்டிக்காரர்கள் சிறிய எண் உள்ளதை எடுக்கலாம். அனுமதிக்காத ஒன்றை, குளிர் ஊர் என்ற காரணத்தால் நாமாகத் தேர்ந்தெடுக்கக் கூடாது. இதே வண்டி நாளை கோயம்புத்தூர் வெயிலிலும் ஓட வேண்டியிருக்கும்.

முதல் படி: ஓட்டிச் சூடாக்குங்கள்

டிசம்பர், ஜனவரியில் தலைக்குந்தா பக்கம் விடியற்காலையில் புல்வெளி உறைபனியில் வெளுத்துக் கிடக்கும். அந்த நேரத்தில் எஞ்சின் எண்ணெய் போல்ட் துளையிலிருந்து ஓடாது, அசைந்து அசைந்து இறங்கும். பாதிக்கு மேல் சுவர்களில் அப்பிக்கொண்டு நிற்கும். அடியில் படிந்த பொடி கிளம்பவே கிளம்பாது. ஆகவே இது காலை வேலை அல்ல. வெளியே போய்விட்டு வீடு திரும்பிய கையோடு செய்கிற வேலை.

நின்ற இடத்தில் ஸ்டார்ட் செய்து ஐந்து நிமிடம் உறும விடுவதால் சிலிண்டர் சுடும். கீழே கியர்களைச் சுற்றி உள்ள எண்ணெய் வெதுவெதுப்பாகக்கூட ஆகியிருக்காது. ஐந்தாறு கிலோ மீட்டராவது, கொஞ்சம் ஏற்றமும் கலந்து, ஓட்டிவிட்டு வாருங்கள். பிறகு பத்து நிமிடம் நிறுத்தி வையுங்கள். மேலே கேம் பகுதியில் உள்ள எண்ணெய் கீழே இறங்கும், கையைச் சுடும் வேகமும் தணியும். அதற்கு மேல் காத்திருக்க வேண்டாம். மலைக் காற்றில் எஞ்சின் விரைவாக ஆறிவிடும். சைலன்சர் குழாய் மட்டும் இன்னும் கொதித்துக்கொண்டிருக்கும் என்பதை முழங்கை நினைவில் வைத்திருக்கட்டும்.

இரண்டாம் படி: சமதளம்

இங்கே வீட்டு வாசல் என்பதே பெரும்பாலும் ஒரு சரிவு. வண்டி மேட்டைப் பார்த்து நின்றால் எண்ணெய் பின்புறம் தேங்கும், பள்ளத்தைப் பார்த்து நின்றால் முன்புறம் தேங்கும். வடிகால் துளை நடுவில் இருந்தால் இரண்டிலும் நஷ்டம்தான். எஸ்டேட் பக்கம் இருப்பவர்களுக்குக் கொழுந்து எடை போடும் கொட்டகையின் சிமெண்ட் தளம் மிக நல்ல இடம். கங்காணியிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு, தரையில் கோணி விரித்துக்கொண்டு செய்யுங்கள். அதுவும் இல்லையென்றால் பள்ளத்துப் பக்கத்துச் சக்கரத்திற்குக் கீழே பலகை வைத்துச் சமப்படுத்தலாம். சமமாகிவிட்டதா என்று அறிய நேரான கண்ணாடி டம்ளரில் பாதித் தண்ணீர் ஊற்றி சீட்டின் தட்டையான பகுதியில் வைக்காதீர்கள், சீட் சமமாக இருக்காது. மேட்டுச் சக்கரம் நிற்கும் தரையிலிருந்து பள்ளத்துச் சக்கரத்தின் பலகை வரை நேரான நீளப் பலகை ஒன்றைக் கிடத்தி, அதன் மேல் வைத்துப் பாருங்கள்.

சென்டர் ஸ்டாண்டு இருந்தால் அதில் நிறுத்துங்கள். இல்லாத வண்டிக்கு ஒருவர் துணை வேண்டும்.

மூன்றாம் படி: திறப்பது

முதலில் மேலே ஊற்றும் மூடியைத் திறந்து வையுங்கள். காற்று உள்ளே போனால்தான் எண்ணெய் தடங்கலின்றி இறங்கும். திறப்பதற்கு முன் மூடியைச் சுற்றித் துடைத்துவிடுங்கள். மழைக்காலத்துச் செம்மண் அங்கே காய்ந்து ஒட்டியிருக்கும். அடியில் வடிகால் போல்ட்டைச் சுற்றிலும் பழைய பல் துலக்கும் பிரஷ்ஷால் தேய்த்து மண்ணை உதிர்த்துவிட்டுத்தான் ஸ்பேனரை வைக்க வேண்டும்.

எது வடிகால் போல்ட் என்பதில் குழப்பம் வேண்டாம். ஸ்பிளென்டர் வகை எஞ்சின்களில் வடிகால் போல்ட் 17 எம்.எம். அதன் அருகில், அதே அடிப்பகுதியில், டைமிங் செயின் டென்ஷனருக்கான சிறிய போல்ட் ஒன்றும் இருக்கும். அதைக் கழற்றினாலும் எண்ணெய் கொட்டும், கூடவே உள்ளிருக்கும் ஸ்பிரிங்கும் கம்பியும் வெளியே வரும். வேறு சில வண்டிகளில் வடிகாலே ஒரு பெரிய மூடி. திறந்ததும் ஸ்பிரிங்கும் சல்லடையும் தட்டில் விழும். எந்த வரிசையில் விழுந்தன என்று பார்த்து அதே வரிசையில் வேஸ்ட் துணியில் அடுக்கி வையுங்கள்.

அடுத்தது திருகும் திசை. போல்ட்டின் தலை கீழே பார்த்துக்கொண்டிருக்கிறது. தரையில் படுத்து அதை நேருக்கு நேர் பார்த்தால் இடஞ்சுழியாகத் திருப்ப வேண்டும். குனிந்து மேலிருந்து பார்ப்பவர்களுக்கு அதுவே வலஞ்சுழியாகத் தெரியும். கழற்றுவதாக நினைத்து முழு பலத்தோடு இறுக்கி மரையைக் கிழிப்பவர்கள் பெரும்பாலும் இந்த இடத்தில்தான் தவறுகிறார்கள். எஞ்சின் உடல் அலுமினியம், போல்ட் எஃகு; கிழிவது எப்போதும் எஞ்சின் பக்கத்து மரைதான்.

ஸ்பேனரால் அரைச் சுற்று தளர்ந்ததும் மீதியைக் கையாலே கழற்றுங்கள். கழற்றும்போது போல்ட்டை மேல்நோக்கி அழுத்திக்கொண்டே திருப்ப வேண்டும். கடைசி மரை விட்டது விரலுக்குத் தெரியும். அந்தக் கணத்தில் போல்ட்டைச் சட்டென்று பக்கவாட்டில் இழுத்துக்கொண்டால் எண்ணெய் தட்டில் விழும். தயங்கினால் கையுறைக்குள் புகுந்து முழங்கை வரை வழியும்.

தட்டை எங்கே வைப்பது? முதல் பாய்ச்சல் துளைக்கு நேர் கீழே விழாது. துளை பார்க்கும் திசையில் சற்றுத் தள்ளி விழும். வேகம் குறையக் குறைய வண்டியை நோக்கிப் பின்வாங்கும். பிறகு நூலாக மெலியும். மேட்டு வீடுகளில் காற்று அடித்தால் அந்த நூல் ஒரு சாண் தூரம் தள்ளிப்போய்த் தரையில் கோலம் போட்டுவிடும். காற்று வரும் பக்கம் ஒரு அட்டைப் பெட்டியை நிறுத்தி வைத்தால் போதும். எஞ்சின் சூடும் கொஞ்சம் தங்கும்.

நான்காம் படி: மிச்சத்தை வரவழைப்பது

நூல் அறுந்து சொட்டாக மாறிய பிறகு பதினைந்து, இருபது நிமிடம் விட்டுவிடுங்கள். பெரும்பாலான பணிமனைகளில் இந்த இருபது நிமிடம் கிடைக்காது. அடுத்த வண்டி வரிசையில் நிற்கிறது. வீட்டில் செய்வதன் முழுப் பயனும் இந்த இருபது நிமிடத்தில்தான் இருக்கிறது.

சொட்டு நின்றதுபோல் தோன்றியதும், ஒருவர் பிடித்துக்கொள்ள, வண்டியை ஸ்டாண்டிலிருந்து இறக்கி மெதுவாக இடப்பக்கம் சாயுங்கள். சைடு ஸ்டாண்டு அளவுக்குச் சாய்த்து ஒரு நிமிடம் வைத்திருங்கள். துளை இடப்பக்கம் இருக்கும் வண்டிகளில் மறுபடியும் நூல் கிளம்பும். பிறகு வலப்பக்கம் கொஞ்சம் சாய்த்து, கிளட்ச் மூடிக்குள் தேங்கியது நகரட்டும் என்று சற்று நிறுத்தி, மீண்டும் இடப்பக்கம். முன் சக்கரத்திற்குக் கீழே பலகை வைத்து ஒரு முறை, பின் சக்கரத்திற்கு வைத்து ஒரு முறை. ஒவ்வொரு சாய்விலும் இரண்டொரு கரண்டி எண்ணெய் வரும். எந்தச் சாய்விலும் வராதபோது நிறுத்திக்கொள்ளுங்கள்.

கிக்கர் உள்ள வண்டியில், சாவியை அணைத்துவிட்டு, கையாலே கிக்கரை மெதுவாக மூன்று நான்கு முறை அழுத்தலாம். பம்ப்பில் நிற்பது கொஞ்சம் வெளியே வரும். செல்ஃப் பட்டனைத் தொடக்கூட வேண்டாம். எண்ணெய் இல்லாத எஞ்சின் ஒரு நொடிகூட ஓடக் கூடாது.

இந்த இடத்தில்தான் பக்கத்திலிருக்கும் யாராவது, “அண்ணா, அரை லிட்டர் மண்ணெண்ணெய் ஊற்றி ஒரு சுழற்றுச் சுழற்றினால் பளிச்சென்று ஆகிவிடும்” என்பார்கள். ஆகாது. எண்ணெய் முழுவதும் வடியாத அதே இடுக்குகளில் மண்ணெண்ணெயும் முழுவதும் வடியாது. பழைய எண்ணெயாவது எண்ணெய். மண்ணெண்ணெய் தங்கினால் புது எண்ணெயையும் நீர்த்துப்போகச் செய்யும், கிளட்ச் தட்டுகளுக்கும் நல்லதல்ல. டீசலுக்கும் இதே பதில். கணக்கும் பெரிதல்ல: பத்தில் ஒரு பங்கு பழைய எண்ணெய் தங்கினாலும், அடுத்த முறை மாற்றிய பிறகு எஞ்சின் எண்ணெயில் அந்தப் பழையது நூறில் ஒரு பங்குதான் இருக்கும். வடிந்தது பால் நிறமாகவோ பெட்ரோல் வாடையுடனோ இருந்தால், அதே தரத்தில் விலை குறைந்த எண்ணெயை ஊற்றிச் சில நூறு கிலோ மீட்டர் ஓட்டிவிட்டு மறுபடி வடித்துவிடுங்கள். உள்ளே கழுவ அதைவிட நல்ல வழி இல்லை.

ஐந்தாம் படி: ஃபில்டரும் சல்லடையும்

காகித ஃபில்டர் உள்ள வண்டியில் அதை மாற்றாமல் விட்டால் பழைய எண்ணெயில் கணிசமான பங்கு அதற்குள்ளேயே இருக்கும். வடிகாலிலிருந்து சொட்டு நின்ற பிறகு ஃபில்டர் மூடியைத் திறங்கள். அங்கிருந்தும் கொட்டும், தட்டை நகர்த்துங்கள். புது ஃபில்டரைப் பழையது இருந்த அதே முகத்தில் வைக்க வேண்டும். திருப்பி வைத்தால் எண்ணெய் போகும் வழி அடைபடக்கூடும். மூடியின் ஓ-ரிங்கில் புது எண்ணெய் ஒரு துளி தடவிப் பூட்டுங்கள்.

ஸ்பிளென்டர் வகையில் காகித ஃபில்டர் கிடையாது. வலப்பக்க மூடிக்குள் ஒரு கம்பிச் சல்லடையும், சுழன்று அழுக்கை விளிம்பில் ஒதுக்கும் கிண்ணமும் உண்டு. அவற்றைச் சுத்தம் செய்ய மூடியைப் பிரித்துப் புது கேஸ்கெட் போட வேண்டும். ஒவ்வொரு முறையும் தேவையில்லை. பழக்கம் இல்லாதவர்கள் அதைப் பணிமனைக்கு விட்டுவிடலாம்.

ஆறாம் படி: வடிந்ததைப் பாருங்கள்

தட்டை வெளிச்சத்தில் சாய்த்துப் பாருங்கள். காந்தம் உள்ள போல்ட்டில் சாம்பல் நிறச் சேறு மெல்லியதாக ஒட்டியிருப்பது இயல்பு. விரலால் தேய்த்தால் மாவாக இருக்க வேண்டும். நகக்கீறல் அளவுக்குச் சில்லுகள் தட்டுப்பட்டால் புது எண்ணெய் ஊற்றுவதற்கு முன் மெக்கானிக்கிடம் காட்டுங்கள்.

பிறகு அளந்து பாருங்கள். கையேடு சொல்லும் வடிப்பு அளவைவிட மிகக் குறைவாக வந்தால், ஒன்று எங்கோ கசிகிறது, அல்லது எஞ்சின் எண்ணெயைக் குடிக்கிறது. சிறு கியரில் ஆக்ஸிலரேட்டரை மூடிக்கொண்டு நீண்ட இறக்கம் இறங்கும்போது சிலிண்டருக்குள் உண்டாகும் உறிஞ்சல், வளையங்கள் தேய்ந்த வண்டியில் எண்ணெயை மேலே இழுக்கும். கூடலூர் மலைப்பாதையிலும் கல்லட்டியிலும் தினமும் இறங்குகிறவர்கள் இரண்டு மாற்றங்களுக்கு இடையில் டிப்ஸ்டிக்கை அடிக்கடி பார்ப்பது நல்லது.

ஏழாம் படி: பூட்டி ஊற்றுவது

துளையின் வாயைத் துடைத்து, புது வாஷரைப் போட்டு, போல்ட்டைக் கையாலேயே கடைசி வரை ஏற்றுங்கள். நடுவில் முட்டினால் மரை கோணலாகப் பிடித்திருக்கிறது. கழற்றி மறுபடி தொடங்குங்கள். முழுதும் ஏறிய பிறகே ஸ்பேனர். சிறிய வண்டிகளுக்கு 20 முதல் 30 நியூட்டன் மீட்டர் இறுக்கம் வழக்கம். உங்கள் வண்டிக்கான அளவு கையேட்டில் இருக்கும். டார்க் ரென்ச் இல்லாதவர்கள் ஸ்பேனரை நுனியில் பிடிக்காமல் நடுவில் பிடித்து, வாஷர் நசுங்கும் மெத்தென்ற உணர்வு வந்ததும் இன்னும் ஒரு சிறு இழுப்போடு நிறுத்த வேண்டும்.

ஊற்றும்போது டப்பாவில் உள்ளதெல்லாம் வண்டிக்கென்று நினைக்காதீர்கள். 900 மில்லி பிடிக்கும் வண்டிக்கு ஒரு லிட்டர் டப்பாவைக் கவிழ்த்தால் எண்ணெய் நுரைக்கும், ஏர் ஃபில்டர் பக்கம் தள்ளும், சீல்களில் கசியும். வடிப்பு அளவில் ஐம்பது மில்லி குறைத்து ஊற்றி, மூடி, இரண்டு மூன்று நிமிடம் மெதுவாக ஓடவிட்டு நிறுத்தி, ஐந்து நிமிடம் கழித்து அளவைப் பாருங்கள். எஞ்சினில் அளவு பார்க்கும் கண்ணாடி உள்ள வண்டியில் இரு கோடுகளுக்கு நடுவே இருந்தால் சரி. டிப்ஸ்டிக் உள்ள வண்டியில், திருகாமல் வெறுமனே நுழைத்துப் பார்க்க வேண்டுமா, திருகியா என்பது வண்டிக்கு வண்டி மாறும். ஸ்பிளென்டரில் திருகக் கூடாது. குறைந்தால் கொஞ்சம் கொஞ்சமாகச் சேருங்கள்.

பழைய எண்ணெயை என்ன செய்வது?

காலியான புது எண்ணெய் டப்பாவிலேயே ஊற்றி இறுக மூடிவிடுங்கள். ஃபில்டரை அந்தத் தட்டிலேயே ஓரிரவு கவிழ்த்து வடித்து, உறையில் கட்டுங்கள். ஆனால் தட்டை வாசலில் வைத்துவிட்டுத் தூங்கப் போகாதீர்கள். விளக்கு எண்ணெய்க்காகக் கோயில் கதவை உடைக்கிற கரடிகள் கோத்தகிரியிலும் குன்னூரிலும் உண்டு.

கழிவு எண்ணெய், 2016-ஆம் ஆண்டு மத்திய அரசின் விதிகளின்படி அபாயகரமான கழிவு. சர்வீஸ் சென்டர்களிலும் பெரிய பணிமனைகளிலும் இதற்கென்று பீப்பாய் வைத்திருப்பார்கள். உரிமம் பெற்றவர்கள் வந்து எடுத்துச் சென்று சுத்திகரிப்பார்கள். அங்கே கொடுத்துவிடுங்கள். வேலிக் கம்புகளுக்குப் பூசுவது, தேயிலைச் செடி ஓரத்தில் கரையான் வராமலிருக்க ஊற்றுவது எல்லாம் இங்கே பழைய வழக்கம். பயன்படுத்திய எண்ணெயில் புற்றுநோயை உண்டாக்கக்கூடிய பொருட்களும் உலோகத் துகள்களும் இருக்கின்றன. தோலில் படுவதே நல்லதல்ல. குன்னூர் ஆறு பவானியில் கலக்கிறது, மோயாறும் பவானியில்தான் போய்ச் சேருகிறது. வாசல் சாக்கடையில் ஊற்றுவது கீழே யாரோ ஒருவருடைய குடத்திற்குப் போகிறது.

மறுநாள் காலை வண்டியை எடுப்பதற்கு முன் போல்ட்டின் அடியை விரலால் ஒரு முறை தடவிப் பாருங்கள். விரல் உலர்ந்து வந்தால் கிளம்பலாம். ஈரமாக இருந்தால் துடைத்துவிட்டு, ஐந்து கிலோ மீட்டர் ஓட்டி வந்து மறுபடி பாருங்கள். நேற்று சிந்தியது இன்று சொட்டுவதும் உண்டு. மறுபடியும் ஈரமென்றால் இன்னும் இறுக்க வேண்டாம். வாஷர் சரியாக உட்காரவில்லை. எண்ணெயைச் சுத்தமான தட்டில் பிடித்துக்கொண்டு, வாஷரை மாற்றி மறுபடி பூட்டுங்கள்.